கருவியும் கைந்நூலும்



கண்டி மாநகரிலிருந்து கொழும்பு வீதி வழியே ஏறத்தாழ நான்கு மைல் தூரம் சென்றால் பேராதனையை அடையலாம். மகாவலி கங்கை வளைந்து மூன்று புறமும் அணைத்து நிற்கும் நிலத்திலே, 1821ஆம் ஆண்டு முதலாக அங்கே தாவரவியற் பூங்கா விளங்கி வருகின்றது. அப்பூங்காவின் பனை வரிசைகளையும் ஓர்க்கிட் மலர்களையும் கண்டு களிப்போர் பல்லாயிரவர். ஆனால், அங்குள்ள தேசிய உலர்தாவர நிலையத்தில் அடுக்கடுக்காக வைத்துக் காக்கப்படும் தாள்களைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. ஒவ்வொரு தாளிலும் உலர்த்திய கிளையொன்று ஒட்டப்பட்டிருக்கும். தாளின் மூலையிலே, அக்கிளை எந்த ஊரில், எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கும்.

இத்தகைய தாள்களை ஆதாரமாகக் கொண்டே ஹென்றி டிரைமன் என்னும் அறிஞர் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய கைந்நூல் ஒன்றை எழுத முற்பட்டார். 1880ஆம் ஆண்டிலே பூங்காவின் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற அவர், 1893ஆம் ஆண்டில் நூலின் முதற் பாகத்தை வெளியிட்டார். மூன்று பாகங்கள் வெளிவந்த நிலையில், 1896ஆம் ஆண்டிலே அவர் காலமானார். எஞ்சிய இரண்டு பாகங்களையும் ஜோசப் ஹூக்கர் என்னும் முதுபெரும் அறிஞர் எழுதி, 1900ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். அத்தோடு நூல் முடிந்ததா என்றால், இல்லை. 1931ஆம் ஆண்டில் ஆல்ஸ்டன் என்பவர் அதற்கு ஓர் அனுபந்தம் எழுதினார். 1980ஆம் ஆண்டு தொடக்கம், பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தசநாயக்கா முதலியோரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, திருத்திய கைந்நூல் பாகம் பாகமாக வெளிவரலாயிற்று. பல நாட்டுத் தாவரவியலாளர் ஆளுக்கொரு தாவரக் குடும்பத்தைப் பங்கிட்டுக்கொண்டு அதனை எழுதினர். டிரைமனின் மூலநூலிலே செடிகளின் சிங்களப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. அவை எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்த பெயர்கள் அல்ல. காடும் மேடும் பழகிய நாட்டு மக்களின் வாயிலே வாழ்ந்த பெயர்கள்.

இவ்வுரையின் பொருள் தாவரவியல் அன்று. கணினித் துறையிலே இன்று நாள்தோறும் எழுதப்படும் வேறொரு வகைக் கைந்நூலைப் பற்றியே இங்கு சொல்லப்படவிருக்கின்றது. எனினும், பேராதனைத் தாள்களும் அவற்றின்மேல் எழுந்த நூலும் கற்பிக்கும் பாடம், இந்தப் புதிய கைந்நூலுக்கும் பெரிதும் வேண்டப்படுவதாகும்.

மென்பொருள் கருவித்தொகுதி என்பது யாது? தச்சுவேலை செய்பவர் ஒவ்வொரு கதவுக்கும் தாமே பிணைச்சலை வார்த்தெடுப்பதில்லை. தாழ்ப்பாளைத் தாமே அடிப்பதுமில்லை. கடையிலே ஆயத்தமாக உள்ளவற்றை வாங்கிப் பொருத்துகிறார். அவ்வாறே, கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. வரைபடம் காட்டுவதற்கு ஒன்று, குறுஞ்செய்தி அனுப்புவதற்கு ஒன்று, பணக்கொடுப்பனவைச் சரிபார்ப்பதற்கு ஒன்று என, பிறர் எழுதி வைத்த பகுதிகளை எடுத்து இணைத்துக்கொள்கின்றனர். அவ்வாறு இணைப்பதற்கு உதவும் பகுதிகளின் தொகையே கருவித்தொகுதி. அதனை எவ்வாறு நிறுவுவது, எந்தக் கட்டளைக்கு என்ன பயன், எங்கே பிழை நேரும் என்று சொல்லும் எழுத்தே அதன் கைந்நூல். கருவி எத்துணைச் சிறப்புடையதாயினும், கைந்நூல் தெளிவற்றதாயின், அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கே ஒப்பாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கலஹாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலே பயின்று, கண்டியிலே கணினிக் கல்வி பெறும் மாணவன் ஒருவன் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். தன் ஊர் மலைச்சரிவிலே மழை அளவு மிகும்போது, லயத்திலே வாழும் மக்களுக்குக் கைத்தொலைபேசி வழியாக எச்சரிக்கை அனுப்பும் சிறு செய்நிரலொன்றை எழுத அவன் விரும்புகிறான். இலவசமாகக் கிடைக்கும் கருவித்தொகுதியொன்றை எடுத்துக்கொள்கிறான். கைந்நூலின் முதல் மூன்று படிகளும் செவ்வனே நடக்கின்றன. நான்காம் படியிலே, "உமது திறவுகோலை இங்கே இடுக" என்று எழுதியிருக்கின்றது. எந்தத் திறவுகோல்? அதனை எங்கே பெறுவது? நூலிலே அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு இரவுகள் விழித்திருந்தும் அவனுக்கு வழி புலப்படவில்லை. மூன்றாம் நாள் மூத்த மாணவர் ஒருவரைக் கேட்கிறான்.

"அதுவா தம்பி? முதலில் அந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலே ஒரு கணக்கைத் திறக்க வேண்டும். அங்கேதான் திறவுகோல் கிடைக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த விடயம்தானே!"

"எல்லாருக்கும் தெரிந்ததென்றால், எனக்கு ஏன் அண்ணா தெரியவில்லை?"

இந்த எளிய வினாவிலே இன்றைய பொருளின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. கைந்நூலை எழுதியவருக்கு அத்திறவுகோல் பல்லாண்டுப் பழக்கம். அதனைப் பெறுவதும் ஒரு படி என்பதே அவருக்கு மறந்து போயிற்று. தாம் நாள்தோறும் ஏறும் படிக்கட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இருளிலே முதன்முறை ஏறுபவரே படிகளை எண்ணுவார். ஆகவே, கைந்நூலில் உள்ள இடைவெளியைக் காணும் ஆற்றல் வல்லுநருக்கு மிகக் குறைவு. அந்த ஆற்றல் புதியவருக்கே உண்டு. அதுவும் அவரிடம் நெடுநாள் நிலைப்பதில்லை. அம்மாணவனும் வழியை அறிந்துகொண்டபின் தன் வேலையைத் தொடர்ந்து செல்வான். ஒரு மாதம் கழிந்தால், அவனும் தன் தம்பிமார்க்கு, "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று சொல்லத் தொடங்கிவிடுவான். இதற்கிடையில், அதே நான்காம் படியிலே நைரோபியில் ஒருவரும், மணிலாவில் ஒருவரும், மதுரையில் ஒருவரும் இடறி விழுந்துகொண்டே இருப்பர். முதலில் விழுந்தவர் இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தால், பின்வந்தோர் அனைவரும் தப்பியிருப்பர்.

பயன்படுத்துவோரின் கருத்தை நாடும் இம்மரபு கணினித் துறைக்குப் புதியதன்று. அத்துறையின் அடித்தளத்திலேயே அது இருக்கின்றது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான வலையமைப்பு அமெரிக்காவிலே உருவாகி வந்த வேளையில், 1969ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 7ஆந் தேதி, ஸ்டீவ் குரோக்கர் என்னும் பட்டப்பின் மாணவர், கணினிகள் ஒன்றோடொன்று உரையாடும் முறைபற்றி ஒரு குறிப்பு எழுதினார். கட்டளையிடும் அதிகாரம் தமக்கு இல்லையென்று உணர்ந்த அவர், அதற்கு இட்ட தலைப்பு "கருத்துரைக்குமாறு வேண்டுகோள்" என்பதாகும். அந்த அடக்கமான தலைப்பே நிலைத்துவிட்டது. உலகத்துக் கணினிகள் அனைத்தும் பின்பற்றும் விதிகள் பல இன்றளவும் அதே தலைப்பின் கீழ், வரிசை எண்ணிட்டு வெளிவருகின்றன.

அதற்கு இரண்டாண்டு கழித்து, 1971ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் முதற் கைந்நூல் வெளிவந்தது. கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகிய இருவரும் அதனை ஆக்கினர். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று பகுதி பகுதியாக எழுதிய அவர்கள், இறுதியிலே இரண்டு தலைப்புகளைச் சேர்த்தனர். ஒன்று "வழுக்கள்" என்பது. மற்றது "உரியவர்" என்பது. தம் கருவியிலே அறிந்த குறை இன்னதென்று தாமே வெளிப்படையாக எழுதினர். அக்கட்டளைக்குப் பொறுப்பானவர் யாரென்பதையும் பக்கத்தின் அடியிலே குறித்தனர். குறையைக் கண்டவர் யாரிடம் சொல்வது என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு கைந்நூல் வாசகரை மதிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

நல்ல கைந்நூல் எத்தனை வகைப்படும் என்பதையும் சற்று நோக்குதல் நன்று. டானியேல் புரோசிடா என்பவர் இதனை நான்காக வகுத்துக் காட்டியிருக்கிறார். முதலாவது, புதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சிப் பாடம். இரண்டாவது, குறித்த ஒரு வேலையை முடிக்க விரும்புவோருக்கு வேண்டிய செய்முறைக் குறிப்பு. மூன்றாவது, அகராதிபோல் வேண்டும்போது புரட்டிப் பார்ப்பதற்குரிய விவரத்திரட்டு. நான்காவது, ஏன் இவ்வாறு அமைக்கப்பட்டது என்று காரணங்கூறும் விளக்கவுரை. சமையல் பழகும் பிள்ளைக்குத் தாய் அருகில் நின்று சொல்லிக்கொடுப்பது முதல் வகை. விருந்தினர் வந்துவிட்டார்கள், சொதி வைப்பது எப்படி என்று கேட்பவருக்குச் சொல்வது இரண்டாம் வகை. எந்தச் சரக்கு எந்த அளவு என்ற பட்டியல் மூன்றாம் வகை. தேங்காய்ப்பாலை ஏன் இறுதியிலே விட வேண்டும் என்று சொல்வது நான்காம் வகை. இந்நான்கையும் ஒரே பக்கத்திலே கலந்து எழுதுவதனாலேயே பல கைந்நூல்கள் எவருக்கும் பயன்படாமற் போகின்றன. வாசகரின் முறையீடு வரும்போது, அவர் இந்நான்கில் எதைத் தேடி வந்தார் என்று முதலிலே அறிந்துகொண்டால், திருத்தம் எளிதாகிவிடும்.

இனி, நம் நாட்டின் அனுபவத்துக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலை, இலங்கைக் கரையோரத்திலே 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றது. பிள்ளையை இழந்த தாய் ஒரு முகாமிலும், தாயைத் தேடும் பிள்ளை வேறொரு முகாமிலும் இருந்த அந்நாட்களில், இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் பலர் தொண்டர்களாகத் திரண்டனர். காணாமற் போனோரின் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி வழங்கும் நிறுவனங்களின் பதிவு, இன்ன இடத்துக்கு இன்ன பொருள் தேவை என்ற பதிவு ஆகியவற்றை ஒன்றிணைக்கும் மென்பொருளைச் சில நாட்களுக்குள்ளேயே எழுதி இயக்கினர். அதற்கு "சஹன" என்று பெயரிட்டனர். சிங்களத்திலே அதற்கு நிவாரணம் என்பது பொருள். லங்கா மென்பொருள் மன்றத்தின் அரவணைப்பிலே அது வளர்ந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற கட்டற்ற உரிமத்தோடு உலகுக்கு அளிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010ஆம் ஆண்டு ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான திட்டத்துக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டின் விருதும் அதற்குக் கிடைத்தது.

நேயர்கள் ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். கொழும்பிலே அம்மென்பொருளை எழுதியவர்கள் தாமே பக்கத்தில் அமர்ந்து இயக்கிய வரையில், கைந்நூல் சிறிது குறைவுபட்டாலும் பெருங்கேடில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருந்தது. கடல் கடந்து வேறொரு நாட்டுக்கு அது சென்றபொழுதோ, எழுதியவர் அனைவரும் உடன் செல்ல இயலாது. அங்கே, நிலம் நடுங்கிய மறுநாள், மின்சாரமும் நிலையில்லாத அறையிலே, அம்மென்பொருளை முன்பு கண்டறியாத ஒருவர் அமர்ந்து அதனை நிறுவ வேண்டும். அப்பொழுது அவருக்கு ஆசிரியரும் கைந்நூலே, தோழரும் கைந்நூலே. அதிலே ஒரு படி விடுபட்டிருந்தால், இரண்டு இரவுகள் விழித்திருந்து தேடுவதற்கு அவருக்கு அவகாசமில்லை. காணாமற் போன குழந்தையொன்றின் பெயர் பதிவாவது அந்த இரண்டு இரவுகளால் தள்ளிப்போகும்.

கண்டி மாவட்டத்தவருக்கு இது தூரத்துக் கதை அன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே வீசிய டித்வா புயலின்போது, இம்மாவட்டத்து மலைச்சரிவுகள் பல இடங்களில் சரிந்து, வீடுகளையும் வாழ்ந்தவர்களையும் மூடின. பாதைகள் அறுந்தன, தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. மலைநாட்டிலே வாழ்வோர்க்கு மழைமானியும் எச்சரிக்கைச் செய்தியும் பதிவேடும் இனி அன்றாடத் தேவைகள். அவற்றை இயக்கும் மென்பொருள்களை எழுதவும் பராமரிக்கவும் போகிறவர்கள் இன்று இம்மாவட்டத்துப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் இளைஞர்களே. அவர்கள் கையிலே கிடைக்கும் கைந்நூல்கள் தெளிவானவையா என்பது, உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

அவ்வாறாயின், பயன்படுத்துவோர் கைந்நூலைத் திருத்துவது எங்ஙனம்? இங்கேதான் பேராதனையின் உலர்ந்த தாள்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. "இந்தச் செடி நூலிலே தவறாக எழுதப்பட்டிருக்கிறது" என்று ஒருவர் வெறுமனே சொன்னால், தாவரவியலாளர் அதனை ஏற்கமாட்டார். கிளையைக் கொண்டுவா என்பார். எங்கே, எப்பொழுது எடுத்தாய் என்று கேட்பார். கிளையும் குறிப்பும் இருந்தால், எடுத்து வந்தவர் பேராசிரியரா, காட்டிலே விறகு பொறுக்கியவரா என்பது பொருட்டன்று, நூல் திருந்தும். மென்பொருள் கைந்நூலுக்கும் இதுவே முறை. "உங்கள் நூல் விளங்கவில்லை" என்று எழுதுவது மனக்குறை. அதனால் யாருக்கும் பயனில்லை. "இன்ன பதிப்பை இன்ன கணினியிலே நிறுவினேன், மூன்றாம் படிவரை நடந்தது, நான்காம் படியிலே இந்தப் பிழைச்செய்தி வந்தது, இன்னது செய்தபின் சரியாயிற்று" என்று எழுதுவது சான்று. அது உலர்தாவரத் தாளுக்கு நிகரானது. எத்தனை ஆண்டு கழித்தும், வேறொருவர் அதனை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

இவ்வாறு வரும் சான்றுகளை ஏற்கும் முறையும் ஒழுங்குபெற்றிருக்கின்றது. முன்னாளிலே நூலில் பிழை கண்டால், அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பத்தாண்டும் ஆகலாம். இன்று கைந்நூலின் மூலப்படியும் செய்நிரலின் மூலப்படியும் ஒரே களஞ்சியத்திலே வைக்கப்படுகின்றன. "கிட்" என்னும் பதிப்புக் காப்பு முறையினால், யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகின்றது. வாசகர் ஒருவர் ஒரு படியெடுத்துத் தம் திருத்தத்தைச் செய்து, ஏற்றருளுமாறு முன்வைக்கிறார். பொறுப்பாளர் இருவர் மூவர் அதனைப் படித்துப் பார்க்கின்றனர். சரியெனக் கண்டால் ஏற்கின்றனர், ஐயமிருந்தால் வினவுகின்றனர், தவறாயின் காரணங்கூறி மறுக்கின்றனர். நூலிலுள்ள எடுத்துக்காட்டுகளைக் கணினியே நாள்தோறும் இயக்கிப் பார்த்து, இயங்காதவற்றைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

பலர் கைவைத்தால் நூல் கெட்டுவிடாதா என்று சிலர் ஐயுறுவர். அந்த ஐயம் ஒதுக்கத்தக்கதன்று. பத்துப் பேர் பத்து நடையிலே எழுதினால், ஒரே பொருளுக்குப் பத்துச் சொற்கள் வந்து புகுந்துவிடும். ஒருவர் சேர்த்த குறிப்பு மற்றவர் சேர்த்ததோடு முரண்படும். நூல் கொழுத்துத் தெளிவு மெலியும். ஆகவே, பலரும் தருவதற்கு வாயில் திறந்திருக்க வேண்டும். ஆனால் வாயிலிலே பதிப்பாசிரியர் ஒருவர் இருக்கவும் வேண்டும். திருத்திய தாவரக் கைந்நூலைப் பலர் எழுதியபோதும், அதற்குப் பதிப்பாசிரியர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. சேர்ப்பதைப் போலவே நீக்குவதும் பதிப்பாசிரியரின் கடமை. காலங்கடந்த பக்கம், இல்லாத பக்கத்தினும் தீயது. இல்லாத பக்கம் வாசகரை வேறிடம் தேடச் செய்யும். காலங்கடந்த பக்கமோ நம்பவைத்துக் கெடுக்கும்.

அடுத்து, தமிழ்பற்றி ஒரு சொல். பெரும்பாலான மென்பொருட் கைந்நூல்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தமிழ்மொழி மூலம் பயின்றுவரும் பிள்ளைக்கு, செய்நிரல் ஒரு சுமை, ஆங்கிலம் இன்னொரு சுமை என இரட்டைச் சுமையாகின்றது. அவ்வாறாயினும், ஆங்கிலமே கற்காதிருக்கலாம் என்று எவரும் சொல்லார். முதற்படி ஏறுவதற்காவது தாய்மொழியிலே ஒரு கைப்பிடி வேண்டும் என்பதே கோரிக்கை. இது இயலாத காரியமும் அன்று. 2003ஆம் ஆண்டிலே தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க காலத்திலே தனியொருவராக நின்று கட்டியெழுப்பியவர் இலங்கைத் தமிழரான மயூரநாதன் ஆவார். ஊதியம் பெறாத தொண்டர்களின் கைகளாலேயே அது ஒரு பெருங் கலைக்களஞ்சியமாக வளர்ந்தது. பலர் கூடிச் செய்யும் எழுத்து தமிழிலும் நடக்கும் என்பதற்கு அதுவே கண்கூடான சான்று.

மொழிபெயர்ப்பினாலே தமிழுக்கு மட்டுமன்றி மூலநூலுக்கும் நன்மை உண்டு. மொழிபெயர்ப்பவரைப் போல் ஊன்றிப் படிக்கும் வாசகர் வேறு யார்? ஆங்கில நூல், "கோப்பு மாற்றப்படும்" என்ற பாங்கிலே எழுதிச் சென்றுவிடும். யார் மாற்றுவது? கணினி தானே மாற்றுமா, பயன்படுத்துபவர் மாற்ற வேண்டுமா? தமிழிலே எழுத உட்காருபவருக்கு, "மாற்றுக" என்பதா, "மாறிவிடும்" என்பதா என்ற வினா உடனே எழும். விடை தெரியாமல் அவரால் அடுத்த வரிக்குச் செல்ல முடியாது. மூலத்தை எழுதியவரை அவர் வினவுவார். மூலத்திலே இருந்த மயக்கம் வெளிப்படும். இரண்டு நூலும் திருந்தும். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். மூலம் மாதந்தோறும் மாறும், மொழிபெயர்ப்போ பின்தங்கும். எந்தப் பதிப்பைப் பார்த்துத் தமிழாக்கப்பட்டது என்பதைப் பக்கத்தின் தலையிலேயே குறிப்பிடாத மொழிபெயர்ப்பு, படிப்பவருக்குத் தீங்கிழைக்கும்.

இவ்வளவு பயனுடைய பணிக்கு உரிய மதிப்பு கிடைக்கின்றதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கின்றது. கருவியைச் செய்தவரின் பெயர் பேசப்படுகின்றது. அதன் கைந்நூலைத் திருத்தியவரின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. கூகிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய கோடைகாலச் செய்நிரல் திட்டத்திலே, மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் உலகிலேயே மிகுதியான தொகையினராகப் பல ஆண்டுகள் பங்குபற்றி நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தனர். அதே நிறுவனம் 2019ஆம் ஆண்டிலே கைந்நூல் எழுதுவோருக்கென்று தனியான திட்டமொன்றைத் தொடங்கியது. பதினான்கு ஆண்டு பிந்தியேனும் அந்தத் தேவை உணரப்பட்டது. நம் பல்கலைக்கழகங்களும் ஒரு மாணவரின் திறமையை அளக்கும்போது, அவர் எழுதிய செய்நிரலோடு, அதனைப் பிறர் பயன்படுத்தும் வகையிலே அவர் எழுதிய விளக்கத்தையும் சேர்த்து அளந்தால், நிலைமை விரைவிலே மாறும்.

பாடசாலைகளும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்குக் கணினிகூட வேண்டியதில்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகிலிருந்து பேராதனைப் பூங்காவின் வாயில்வரை செல்வது எப்படி என்று ஒரு மாணவியை எழுதச் சொல்லுங்கள். கண்டிக்குப் புதிதாக வந்த மற்றொரு மாணவியிடம் அதனைக் கொடுத்து, தாளில் உள்ளபடியே செல்லச் சொல்லுங்கள். எழுதியவள் உடன் செல்லலாம். ஆனால் வாய்திறக்கக் கூடாது. எந்தப் பஸ் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே இறங்குவது என்று தோழி தயங்கி நிற்கும் ஒவ்வோர் இடமும், தான் எழுத மறந்த ஒவ்வொரு வரியாகும் என்பதை எழுதியவள் தன் கண்ணாலேயே காண்பாள். அன்று மாலை அவள் இரண்டாம் முறை எழுதும் தாள், முதலில் எழுதியதினும் பன்மடங்கு தெளிவாக இருக்கும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கும், தமிழ்க் கட்டுரை வகுப்புக்கும் இப்பயிற்சி ஒருங்கே பொருந்தும்.

கணினித் துறையிலே புகும் இளைஞருக்கும் ஒரு சிறு வழக்கம் போதும். புதிய கருவித்தொகுதி ஒன்றைக் கையிலெடுக்கும் முதல் நாளிலேயே, பக்கத்திலே ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே தயங்க நேர்ந்தது, என்ன பிழைச்செய்தி வந்தது, எதனாலே வழி திறந்தது என்பவற்றை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். வேலை முடிந்த பின்னர் எழுதலாம் என்று ஒத்திவைத்தால், தயங்கிய இடமே நினைவுக்கு வராது. குறித்தவற்றுள் ஒன்றையேனும், சான்றோடும் பணிவோடும், அக்கைந்நூலின் பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டும். ஆங்கிலம் பிழையாகிவிடுமோ என்ற கூச்சம் வேண்டாம்; மொழியைத் திருத்தப் பதிப்பாசிரியர் இருக்கிறார். புதியவர் இடறிய இடத்தை மட்டும் அவரால் தாமாகவே அறிந்துகொள்ள முடியாது.

கலஹா மாணவனிடம் மீண்டும் செல்வோம். திறவுகோலைப் பெற்ற அன்றிரவே, அவன் தன் செய்நிரலுக்குத் திரும்புவதற்கு முன், கால்மணி நேரம் செலவிட்டு இரண்டு வரிகளை எழுதி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவை ஏற்கப்பட்டு, நான்காம் படிக்கு முன்னே புதியதொரு படியாக இடம்பெறுகின்றன. அவன் பெயரைப் படிப்பவர் எவருமிலர். ஆயினும், வேறொரு மலைநாட்டிலே, வேறொரு மழைக்காலத்திலே, தன் ஊராருக்கு எச்சரிக்கை அனுப்ப முயலும் வேறொரு மாணவன் அந்தப் படியிலே தடுக்கி விழாமல் நேரே ஏறிச் செல்வான். அவனுடைய இரண்டு இரவுகள் மிஞ்சும். மலைச்சரிவின் கீழே உறங்குவோருக்கு அந்த இரண்டு இரவுகளின் பெறுமதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.